பெயிண்ட்டுக்கு அடியில் ஒரு டயமண்ட் டி

பழைய கனரக லாரிகளைத் தேடி இங்கிலாந்தில் அலைகிறவர்களுக்கு முழுசான வண்டி அநேகமாகக் கிடைப்பதில்லை. மூடிப்போன கேரேஜின் பின்பக்கத்திலோ கல்குவாரி ஓரத்திலோ அது முள்ளுக்குள் புதைந்து நிற்கும். முதுகில் ஒரு கிரேன் இருக்கும். கேபின் யாரோ ஒரு பட்டறைக்காரர் தகரம் வெட்டிக் கட்டியது. ரேடியேட்டர் முகப்பில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் திருகு ஓட்டைகள் மட்டும் தெரியும். கிட்டே போகிறவர் முதலில் பானெட்டின் நீளத்தைத்தான் பார்ப்பார். பிறகு குனிந்து அடியில் பார்ப்பார். பின்னால் இரண்டு அச்சு, இரண்டுக்கும் இன்ஜின் விசை போகிறது. முன் அச்சு வண்டியைத் திருப்ப மட்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது, இங்கிலாந்து வண்டிக்கு வலப்பக்கமல்லவா இருக்கவேண்டும். இவ்வளவு பார்த்ததுமே அவர் மனசில் ஒரு பெயர் வந்துவிடும்: டயமண்ட் டி 980. அதை உறுதியாகச் சொல்ல இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

இந்த ஒரு மாடலை எடுத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. போருக்காகப் பிறந்து, போர் முடிந்தபின் மின்நிலையங்களைச் சுமந்து, கடைசியில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கி, மூன்று தலைமுறைக்கு உழைத்த வண்டி இது. ஒவ்வொரு வேலையும் அதன் உடம்பில் ஒரு மாற்றத்தை விட்டுப்போயிருக்கிறது. எதை வெட்டினார்கள், எதை ஒட்டவைத்தார்கள், எங்கே ஓட்டை போட்டார்கள் என்று பார்த்தே அதன் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

வண்டி பிறந்த ஊர் சிகாகோ. சி. ஏ. டில்ட் என்பவர் 1905-இல் தொடங்கிய டயமண்ட் டி மோட்டார் கார் கம்பெனி முதலில் கார் செய்தது, சில ஆண்டுகளில் லாரிக்கு மாறியது. அழகான லாரி என்று அமெரிக்காவில் அதற்குப் பெயர் இருந்தது. குரோமியம் பளபளக்க ஊருக்குள் சரக்கு ஓட்டிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியிடம் 1940-இல் வேறு விதமான ஒரு தேவையோடு பிரிட்டிஷ் கொள்முதல் குழு வந்தது.

பிரிட்டனுக்கு வேண்டியிருந்தது டாங்கி சுமக்கும் வண்டி. டாங்கி தானாகவே ஓடுமே, அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்று தோன்றும். டாங்கியின் இரும்புச் சங்கிலிப் பட்டை தேய்ந்துகொண்டே இருக்கிற பொருள். நூற்றுக்கணக்கான மைல் தன் காலால் ஓடிப் போர்க்களத்துக்கு வந்து சேர்கிற டாங்கிக்குச் சண்டை தொடங்கும் முன்பே பட்டையும் இன்ஜினும் ஓய்ந்துபோயிருக்கும். அடிபட்டு நின்றுவிட்ட டாங்கியையோ யாராவது போய் எடுத்துவர வேண்டும். பிரிட்டனின் சொந்த ஸ்காமெல் பயனியர் இந்த வேலைக்கு நல்ல வண்டிதான். வாட்ஃபோர்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையால் வேண்டிய எண்ணிக்கையில் செய்துதர முடியவில்லை. அதனால் அமெரிக்காவுக்குப் போனார்கள். டீசல் இன்ஜின்தான் வேண்டும் என்று கேட்டார்கள். அமெரிக்க ராணுவம் பெட்ரோலை நம்பியிருந்த காலம் அது.

கேட்டபடி உருவானதுதான் 980. ஒஹையோ மாநிலம் கேன்டன் நகரத்து ஹெர்குலிஸ் கம்பெனியின் டிஎஃப்எக்ஸ்இ இன்ஜின் அதற்கு. ஆறு சிலிண்டர், 14.7 லிட்டர். இவ்வளவு பெரிய இன்ஜினிலிருந்து கிடைத்தது நிமிடத்துக்கு 1,600 சுற்றில் 185 குதிரைத்திறன். இன்றைக்கு நம் நெடுஞ்சாலையில் ஓடுகிற நடுத்தர லாரிக்கே அந்தச் சக்தி இருக்கிறது. ஆனால் இதன் பலம் வேகத்தில் இல்லை. நான்கு கியர் உள்ள முதன்மைப் பெட்டிக்குப் பின்னால் மூன்று நிலைத் துணைப் பெட்டி ஒன்று. இரண்டு கம்பியையும் மாற்றி மாற்றிப் போட்டால் பன்னிரண்டு கியர். சமதரையில் முழு வேகம் மணிக்கு 23 மைல்தான். சுமையோடு சேர்த்து 52 டன் எடையை அது இழுக்கும்.

பின்னால் மாட்டும் ட்ரெய்லரைப் பென்சில்வேனியா மாநிலத்து ரோஜர்ஸ் சகோதரர்கள் வடிவமைத்தார்கள். மூன்று அச்சு, அச்சுக்கு எட்டு டயர், ஆக இருபத்துநான்கு சிறு டயர்கள். சுமை இப்படிப் பரவியதால்தான் கனத்த டாங்கியோடு பாலங்களின் மேல் போக முடிந்தது. இந்த ட்ரெய்லர் தன் எடையைத் தன் சக்கரங்களிலேயே தாங்கிக்கொள்ளும், இழுக்கும் வண்டியின் மேல் அது உட்காருவதில்லை. இழுக்கும் வண்டிக்குப் பின்சக்கரப் பிடிமானம் வேண்டுமே, அதற்காகக் கேபினுக்குப் பின்னால் ஓர் இரும்புப் பாரப்பெட்டி வைத்தார்கள். அதில் எட்டு டன் வரை கனம் ஏற்றலாம். கேபினுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் வின்ச். பதினெட்டு டன் விசையோடு இழுக்கும் அந்த வின்ச்தான் செத்த டாங்கியைச் சரிவுப் பலகை வழியாக ட்ரெய்லர் மேல் ஏற்றும்.

அமெரிக்க ராணுவமும் பிறகு இதை எடுத்துக்கொண்டு, இழுவை வண்டிக்கு எம் 20 என்றும் ட்ரெய்லருக்கு எம் 9 என்றும் எண் கொடுத்தது. 1941 முதல் 1945 வரை 5,871 வண்டிகள் செய்யப்பட்டன.

அதன் முதல் பெரிய சோதனைக்களம் வட ஆப்பிரிக்கப் பாலைவனம். 1942 நவம்பரில் எல் அலமைன் போரில் வென்ற பிரிட்டிஷ் எட்டாவது படை மேற்கே நகர்ந்து 1943 ஜனவரி 23 அன்று திரிப்போலிக்குள் நுழைந்தது. நடுவில் சுமார் 1,400 மைல். அந்தத் தூரத்தை டாங்கிகள் தாமாகவே ஓடியிருந்தால் எத்தனை போய்ச் சேர்ந்திருக்கும்? பாலைவனப் போரில் இன்னொரு கணக்கும் இருந்தது. சண்டை முடிந்த இடத்தில் நின்றுபோன டாங்கியை யார் முதலில் எடுத்துக்கொண்டு போகிறார்களோ அவர்களுக்குப் பட்டறையில் பழுதுபார்த்த டாங்கி ஒன்று திரும்பக் கிடைக்கும். ஜெர்மன் படை இதில் கைதேர்ந்தது. பிரிட்டிஷ் தரப்பு கற்றுக்கொண்டு ஈடுகொடுத்ததில் இந்த வண்டிகளுக்கும் அவற்றின் ஓட்டுநர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இருட்டில் போய், கண்ணிவெடிக்குத் தப்பி, பட்டை அறுந்த முப்பது டன் இரும்பை மேலே ஏற்றி விடிவதற்குள் திரும்பவேண்டும். போர் வரலாறுகள் டாங்கி ஓட்டியவர்களைப் பற்றி எழுதிய அளவுக்கு இவர்களைப் பற்றி எழுதவில்லை. அது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

பாலைவனத்துக்குப் பிறகு இத்தாலி, நார்மண்டி, பெல்ஜியம், ஜெர்மனி. சோவியத் ஒன்றியத்துக்கும் கொஞ்சம் வண்டிகள் கப்பலேறின.

போரின் நடுவிலேயே வண்டியின் முகம் மாறியது. 1943-இல் இரும்புக் கூரையும் கதவும் உள்ள கேபினை நிறுத்திவிட்டு, கித்தான் கூரை போட்ட திறந்த கேபின் வைக்கத் தொடங்கினார்கள். எஃகு மிச்சம், கூரையை மடக்கினால் கப்பலில் உயரம் குறையும், மேலே இயந்திரத் துப்பாக்கிக்கு வளையம் பொருத்தவும் தோது. குளிர்காலத்து ஐரோப்பாவில் அதில் உட்கார்ந்து ஓட்டியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். இன்று பழைய வண்டியை அடையாளம் காண்பவருக்கு இந்த மாற்றம் ஒரு பெரிய உதவி. தேதி தெரியாத புகைப்படத்தில் திறந்த கேபின் இருந்தால் அது 1943-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

போர் முடிந்ததும் ராணுவத்துக்கு வேண்டாத வண்டிகள் மலைபோலக் குவிந்தன. ஆனால் டயமண்ட் டி-யைப் பிரிட்டிஷ் ராணுவம் எளிதில் விடவில்லை. அதற்கு மாற்று கையில் இல்லை. 1949-இல் பழைய போர்க்கால எண்களை நீக்கி, ஈரிலக்கம், ஈரெழுத்து, ஈரிலக்கம் என்ற புது வரிசையில் எண் கொடுத்தார்கள். ஹெர்குலிஸ் இன்ஜினுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கடினமானபோது, 1950-களில் பல வண்டிகளில் அதை இறக்கிவிட்டு ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் சி6 டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். ஐம்பது டன் சென்சூரியன் டாங்கி வந்தபோது பழைய இழுவை வண்டிக்குச் சுமை மீறிப்போனது. எண்ணெய்க் குழாய் சுமப்பதற்கென்று உருவான தார்னிகிராஃப்ட் ஆன்டார் அந்த வேலைக்கு வந்தது. அப்படியும் இலகுவான வேலைகளில் டயமண்ட் டி 1970-களின் தொடக்கம் வரை படையில் இருந்தது.

மற்ற வண்டிகள் ஏலத்துக்குப் போயின. நாட்டிங்ஹாம் பக்கத்து ரடிங்டன் கிடங்கில் நடந்த ராணுவ ஏலங்கள் அந்தக் காலத்து லாரிக்காரர்களுக்குத் திருவிழா. அங்கிருந்து தொடங்கிய இரண்டாவது வாழ்க்கைதான் என் பார்வையில் இந்த வண்டியின் கதையில் மிக வளமான பகுதி.

பிரிட்டன் அப்போது மின்சாரத்துக்காகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. 1950-களில் 275 கிலோவோல்ட் மின்பாதை போடத் தொடங்கினார்கள். புதுப் புது மின்நிலையங்கள் எழுந்தன. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நூறு டன்னைத் தாண்டியது. அதைப் பிரித்துக் கொண்டுபோக முடியாது. தொழிற்சாலையில் செய்தபடியே ஒற்றைச் சுமையாகச் சாலையில் போகவேண்டும். புதிதாகக் கனரக இழுவை வண்டி வாங்க நெடுநாள் காத்திருக்க வேண்டிய காலத்தில், ஏலத்தில் மலிவாகக் கிடைத்த டயமண்ட் டி-யைப் பிக்ஃபோர்ட்ஸ் வாங்கியது. சவுத் வேல்ஸ் நியூபோர்ட்டின் ராபர்ட் வின் அண்ட் சன்ஸ் வாங்கியது. நார்தாலர்டன் ஊரின் சன்டர் பிரதர்ஸ் போன்றவர்களும் வாங்கினார்கள்.

சுமையை நகர்த்திய முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முன்னால் ஒன்றோ இரண்டோ டயமண்ட் டி இழுக்கும். பின்னால் இன்னொன்று தள்ளும். நடுவில் பல அச்சுகள் கொண்ட ட்ரெய்லரில் டிரான்ஸ்ஃபார்மர். பின்வண்டி ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது. கண்ணெதிரே நிற்பது சுமையின் சுவர்தான். முன்வண்டி கியர் மாற்றுகிற நேரத்தை இன்ஜின் சத்தத்தில் கேட்டு, சுமை தளர்வதைப் பம்பரில் உணர்ந்து அவரும் மாற்றவேண்டும். ஒருவர் முந்தினால் இணைப்புக் கம்பி அறும், ஒருவர் பிந்தினால் சுமை பின்னுக்கு இழுக்கும். மேட்டின் நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ட்ரெய்லரோடு நடந்தே வரும் ஆட்கள் சக்கரத்துக்குக் கட்டை வைக்கத் தயாராக இருப்பார்கள். வளைவுகளில் ட்ரெய்லரின் பின் அச்சுகளைத் தனியே ஒருவர் திருப்புவார். இத்தனை பேர் ஒரு மனசாக இயங்கி ஒரு நாளைக்குச் சில மைல் நகர்வார்கள். டாங்கிகளை இரவில் மீட்டுவந்த அதே கியர்பெட்டிதான் இங்கேயும் வேலை செய்தது.

வண்டியின் உருவம் அடையாளம் தெரியாமல் போனதும் இந்தக் காலத்தில்தான். திறந்த கேபினோடு பிரிட்டிஷ் மழையில் வருஷம் முழுக்கத் தொழில் செய்ய முடியாது. வின் கம்பெனி தன் பட்டறையிலேயே புதுக் கேபின்கள் கட்டியது. மற்றவர்கள் அவரவர் ஊர்ப் பட்டறையில் கட்டிக்கொண்டார்கள். சிலர் ஹெர்குலிஸைக் கழற்றி, உள்ளூரில் உதிரி கிடைக்கிற டீசல் இன்ஜினை வைத்தார்கள். நமக்கு இது புரியாத விஷயமில்லை. திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் சேஸாக வந்த லாரிக்குப் பாடி கட்டி, முகப்பு மாற்றி, பெயிண்ட் அடித்து வெளியே விடுகிறபோது, எந்தக் கம்பெனி வண்டி என்று தெரியாதவர் குழம்பத்தான் செய்வார்; தெரிந்தவர் அச்சையும் சேஸையும் பார்ப்பார். அங்கேயும் அப்படித்தான். கேபின் நியூபோர்ட்டில் பிறந்தது, கீழே ஓடுவது சிகாகோ.

1960-கள் நகர நகர சுமைகள் இன்னும் பெருத்தன. ஸ்காமெல் கம்பெனி அவற்றுக்கென்றே பெரிய இழுவை வண்டிகளைத் தந்தது. டயமண்ட் டி முன்வரிசையிலிருந்து இறங்கியது. சில வண்டிகள் கேரேஜ்களுக்குப் போய் முதுகில் கிரேன் வாங்கி, கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் மீட்பு வண்டிகளாயின. வின்ச் ஏற்கெனவே இருந்தது அதற்குத் தோதாகப்போனது. சில வண்டிகள் பொருட்காட்சி ராட்டினக்காரர்களிடம் போய், ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றின. மிச்சம் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதைச் செய்த கம்பெனியும் நிலைக்கவில்லை. 1958-இல் வைட் கம்பெனி அதை வாங்கியது. 1967-இல் ரியோ என்ற லாரிக் கம்பெனியோடு இணைத்து டயமண்ட் ரியோ என்று பெயர் வைத்தார்கள். 1975-இல் அது திவாலானது. ஆக, என்னுடைய வண்டி எது என்று எழுதிக் கேட்கப் பிறந்த வீடும் இல்லாமல்போனது.

அதனால் தேடுகிறவர்கள் எல்லாவற்றையும் வண்டியிடமே கேட்கவேண்டியிருக்கிறது.

முதலில் டாஷ்போர்டில் திருகிய பித்தளை அல்லது தகரத் தகடு. அதில் மாடலும் வரிசை எண்ணும் இருக்கும். ஆனால் தகடு நான்கு திருகில் நிற்கிற பொருள்; ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது எளிது, விலைக்கும் கிடைக்கும். அனுபவசாலி அதைப் படித்துக்கொள்வார், நம்பமாட்டார். அவர் போவது சேஸ் இரும்புக்கு. அங்கே எண் உளியால் அடித்திருக்கும். துருவும் கிரீஸும் பெயிண்ட்டும் அதன் மேல் ஏறியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் முரட்டுத்தனமாகத் தேய்த்தால் மேலாக அடித்த எண் அழிந்துபோகும் அபாயம் உண்டு. அதனால் துணியில் எண்ணெய் தொட்டு மெதுவாக ஊறவைத்துத் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இலக்கம் தாளில் வெள்ளையாக எழும். ஐந்தா ஆறா என்று இரண்டு பேர் மணிக்கணக்கில் விவாதிப்பதற்குப் பொருள் உண்டு. அந்த ஒரு இலக்கத்தில் உற்பத்தி ஆண்டு மாறிப்போகலாம்.

அடுத்தது பெயிண்ட். கதவு இருக்கும் வண்டியென்றால் கதவின் உள்விளிம்பு, இல்லையென்றால் டாஷ்போர்டின் பின்புறம், பானெட் பூட்டின் அடி என்று யாரும் சுரண்டாத இடமாகப் பார்த்து ஒரு ரூபாய்க் காசளவுக்கு ஈரமணல்தாளால் தேய்ப்பார்கள். வளையம் வளையமாக நிறங்கள் வரும். மேலே கேரேஜின் மஞ்சள். அதன் கீழ் சிவப்பு இருந்தால் வின் கம்பெனியாக இருக்கலாம், நீலம் இருந்தால் பிக்ஃபோர்ட்ஸாக இருக்கலாம். அதற்கும் கீழ் பளபளப்பான கரும்பச்சை வந்தால் அந்த வண்டி போருக்குப் பிறகும் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்திருக்கிறது. அதன் அடியில் மங்கலான ஆலிவ் பச்சை. சில வண்டிகளில் இவற்றுக்கு நடுவே மணல் நிறம் ஒன்று மெல்லிசாக ஓடும். அந்த நிறத்தைப் பார்த்ததும் பாலைவனம் என்று துள்ளக்கூடாது. மணல் நிறம் அடித்த வண்டியெல்லாம் பாலைவனத்துக்குப் போனதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் தேடுகிறவர் மனசு அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிடும், அது இயல்பு.

பானெட்டின் பக்கவாட்டில் இதே வேலையை இன்னும் பொறுமையாகச் செய்தால் போர்க்காலப் படை எண்ணே கிடைப்பதுண்டு. இந்த வகை இழுவை வண்டிகளுக்குப் பிரிட்டிஷ் படை எச் என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணை அடித்தது. எழுத்து வெள்ளை; அதன் மேல் பல அடுக்கு நிறம் ஏறினாலும், எழுத்தின் விளிம்பு மேட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தடம் தெரியும். அது கிடைத்தால் பழைய படைப் பதிவட்டைகளிலும், போர்க்காலப் புகைப்படங்களிலும் தேடலாம். தன் வண்டியின் எண்ணை ஒரு பழைய புகைப்படத்தில், டாங்கியைச் சுமந்துகொண்டு நிற்கும் நிலையில் கண்டுபிடித்தவருக்கு வேறு பரிசு வேண்டியதில்லை.

வண்டி 980-ஆ, அதன் இரட்டையான 981 மாடலா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பார்வையில் அதிக வித்தியாசமில்லை. 980-இன் வின்ச்சில் 300 அடி கம்பி, 981-இல் 500 அடி. கம்பி எப்போதோ அறுந்து போயிருக்கும், ஆகவே அதை அளந்து பயனில்லை. 981-இல் கம்பியை முன்பக்கமாகவும் கொண்டுவந்து இழுக்கலாம். அதற்கான உருளையும் வழியும் முன்னால் இருக்கும். உருளையை யாரேனும் கழற்றியிருந்தாலும் அதைப் பிடித்திருந்த போல்ட் ஓட்டைகள் சேஸில் இருக்கும். ஓட்டையை நிரப்புகிற வேலையை எந்த லாரிக்காரரும் மெனக்கெட்டுச் செய்வதில்லை. மொத்தத்தில் இந்தத் துறையில் ஓட்டைகளைப் படிப்பதே பாதி வித்தை. துப்பாக்கி வளையத்தின் கால் நின்ற இடம், பாரப்பெட்டியை முன்னுக்கு நகர்த்தியபோது விட்டுப்போன வரிசை, கிரேன் ஏற்றியபோது புதிதாகப் போட்டவை, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அந்த இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களில் இருக்கின்றன.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற ஒரு குழப்பம் உண்டு. டயமண்ட் டி 969 என்று இன்னொரு ராணுவ வண்டி இருந்தது; இரட்டைக் கை ஹோம்ஸ் கிரேனோடு தொழிற்சாலையிலிருந்தே மீட்பு வண்டியாக வந்தது. பழைய கேரேஜில் கிரேனோடு ஒரு டயமண்ட் டி நிற்கிறது என்றால் பலர் அதை 969 என்று எண்ணிவிடுகிறார்கள். முன் அச்சைப் பார்த்தால் குழப்பம் தீரும். 969 நான்கு டன் வகை, பெட்ரோல் இன்ஜின், ஆறு சக்கரத்துக்கும் விசை உண்டு. முன் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் உருண்டை இருந்தால் அது 980 இல்லை.

சாலை எண்ணும் பேசும். பிரிட்டனின் பழைய பதிவெண்களில் எழுத்துகள் ஊரைச் சொல்லும்; டி.டபிள்யூ. என்று முடிந்தால் நியூபோர்ட், ஆக வின் கம்பெனியின் வாசனை அடிக்கத் தொடங்கும். பழைய பதிவுப் புத்தகம் கிடைத்துவிட்டால் அதில் உரிமையாளர் பெயர்கள் வரிசையாக முத்திரையோடு இருக்கும். துயரம் என்னவென்றால், 1974-இல் பதிவு வேலை ஸ்வான்சீ நகரத்துக்குக் கணினியோடு போனபிறகு உள்ளூர் அலுவலகங்களின் பழைய பேரேடுகள் பல அழிந்தன. 1983-க்குள் புதுப் பதிவுக்கு வராத வண்டிகளின் எண்களும் பட்டியலிலிருந்து விட்டுப்போயின. தப்பிய பேரேடுகள் சில மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஒரு எழுத்து வரிசை முழுவதும் மிஞ்சியிருக்கும், பக்கத்து ஊரின் வரிசையில் ஒரு பக்கம்கூட இருக்காது. யாருக்கு எது கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம்தான்.

இவ்வளவும் கண்டுபிடித்தபிறகு வருகிறது ஒரு வாதம். வண்டியை எந்த வயசுக்குத் திருப்புவது? ராணுவ வாகனப் பிரியர்களில் பெரும்பாலோர் 1944-க்குத் திருப்பவே விரும்புகிறார்கள். பட்டறைக் கேபினை வெட்டி எறிந்து, கித்தான் கூரை போட்டு, வெள்ளை நட்சத்திரம் அடித்தால் கண்காட்சியில் கூட்டம் சேரும். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. ராணுவத்தில் மூன்று வருஷமும் வின் கம்பெனியில் பதினைந்து வருஷமும் இருந்த வண்டியின் மேல் நியூபோர்ட் தொழிலாளர்கள் கட்டிய கேபின், அது சிகாகோவில் பெற்ற கேபினுக்கு எந்த விதத்தில் தாழ்ந்தது? போர்க்கோல டயமண்ட் டி-கள் ஐரோப்பா முழுவதும் இருக்கின்றன. மின்நிலையம் சுமந்தபோது இருந்த கோலத்திலேயே மிஞ்சியவை அவற்றைவிட அரிது. ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின் ஏறிய ராணுவ வண்டியில் ஹெர்குலிஸைத் தேடிப்பிடித்து மாட்டுவதும் இதே தவறுதான். அந்த இன்ஜின் மாற்றம் ஒரு படையின் முடிவு, வரலாற்றில் நடந்த ஒன்று. கிரேன் மட்டும் கொஞ்சம் சங்கடம். முதுகெலும்பு வளைந்துபோகும் அளவுக்குச் சுமை ஏற்றிய கிரேன் என்றால் அதை இறக்குவதே வண்டிக்கு நல்லது. இறக்கினாலும் அதைக் கடைக்குப் போடாமல் கொட்டகையில் வைத்திருக்கலாம்.

நல்ல வேளையாக இரண்டு வழியிலும் போனவர்கள் இருக்கிறார்கள். டார்செட் மாவட்டத்தில் 1969-இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த நீராவி இயந்திரத் திருவிழாவில் கனரக இழுவைக்கென்று தனி மேட்டுக்களம் இருந்தது. அங்கே வின் சிவப்பும் பிக்ஃபோர்ட்ஸ் நீலமும் அணிந்த டயமண்ட் டி-கள், பழைய ஸ்காமெல்களோடு சேர்ந்து நிஜச் சுமையை மேட்டில் ஏற்றிக் காட்டின. கென்ட் மாவட்டத்து ராணுவ வாகனக் கண்காட்சிகளில் பச்சை நிற வண்டிகள் டாங்கியைச் சுமந்து வந்தன. இரண்டு கூட்டத்துக்கும் உதிரி வேண்டியிருக்கிறது, இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒருவரிடம் கழற்றிப் போட்ட ஹெர்குலிஸ் சிலிண்டர் தலை இருக்கும், இன்னொருவரிடம் துணைக் கியர்பெட்டியின் பல்சக்கரம் இருக்கும்.

ட்ரெய்லர் பக்கம் நிலைமை இவ்வளவு நன்றாக இல்லை. இழுக்கும் வண்டிக்கு முகம் உண்டு, இன்ஜின் சத்தம் உண்டு, அதைக் காப்பாற்ற ஆள் வருகிறார். இருபத்துநான்கு டயர் ட்ரெய்லர் பார்க்க ஒரு பெரிய இரும்புப் பலகை. அதை வைக்க இடம் வேண்டும், டயர் செலவு இழுவை வண்டியின் செலவைவிட அதிகம். எம் 9 ட்ரெய்லரை ரோஜர்ஸ் தவிர வேறு கம்பெனிகளும் செய்தன என்பதால் அதிலும் அடையாளம் காண வேண்டியது நிறைய இருக்கிறது. இணைப்புக் கம்பியின் கண், சரிவுப் பலகையின் கீல், அச்சின் வார்ப்பு எண் என்று ஒவ்வொன்றையும் பார்த்து யார் செய்தது என்று ஒழுங்காகப் பட்டியலிட்டவர் மிகக் குறைவு. இன்றும் பண்ணைகளில் புல்டோசர் ஏற்றப் பயன்பட்டுவிட்டு ஓரத்தில் கிடக்கும் ட்ரெய்லர்கள் இருக்கக்கூடும். அவற்றில் ஒன்றைப் பார்க்கிறவர் முதலில் தகட்டையும் வார்ப்பு எண்களையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் நீரை வேகமாக அடித்துக் கழுவ வேண்டும். மண்ணோடு சேர்ந்து பெயிண்ட் அடுக்கும் போய்விட்டால் அப்புறம் யாராலும் எதையும் சொல்ல முடியாது.